எழுத்துக் கூட்டும் மூளை

1887 அக்டோபர். பாரிஸில் வசித்த 68 வயது வணிகர் ஒருவருக்குத் திடீரென்று படிக்க முடியாமல் போயிற்று. பார்வை போய்விடவில்லை. எதிரே நிற்பவரை அடையாளம் கண்டார், பொருள்களின் பெயரைச் சொன்னார், தடங்கலின்றிப் பேசினார், எண்களைக்கூடப் படித்தார். செய்தித்தாளைக் கொடுத்தால் மட்டும் எழுத்துகள் வெறும் கோடுகளாகத் தெரிந்தன. காகிதமும் பேனாவும் கொடுத்தபோது சரியாகவே எழுதினார். ஆனால் எழுதி முடித்ததை அவராலேயே படிக்க முடியவில்லை. எழுத்தின் வடிவத்தை விரலால் வரைந்து பார்த்தால்தான் அது எந்த எழுத்து என்று பிடிபட்டது.

நரம்பியல் மருத்துவர் ஜூல் தெஜெரின் அவரைப் பல ஆண்டுகள் கவனித்தார். 1892-இல் அந்த வணிகர் இறந்ததும் மூளையைத் திறந்து பார்த்தார். இடப்பக்க மூளையின் பின்பகுதியில் பழைய பாதிப்பு ஒன்று இருந்தது. பார்த்த எழுத்து, பேச்சையும் பொருளையும் கையாளும் பகுதிகளுக்குப் போய்ச் சேரும் வழி அங்கே அறுந்திருந்தது.

ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்து கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் இந்தச் செய்தி முக்கியமானது. அந்த வணிகரிடம் அறுந்துபோன இணைப்பு, ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காரும் குழந்தையிடம் இன்னும் உருவாகவே இல்லை. பார்க்கும் கண் இருக்கிறது, பேசும் மொழி இருக்கிறது. இரண்டையும் இணைப்பதுதான் தொடக்கப் பள்ளியின் முதல் வேலை.

வாசிக்கும் திறனோடு யாரும் பிறப்பதில்லை

பேச்சு தானாக வருகிறது. பேசும் மனிதர்கள் நடுவே வளர்ந்தால் போதும், மூன்று வயதில் குழந்தை வாக்கியம் வாக்கியமாகப் பேசிவிடும். படிப்பு அப்படி வராது. எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அந்தக் காலத்திலும் மிகப் பெரும்பாலான மனிதர்கள் எழுத்தறியாமலே வாழ்ந்தார்கள். வாசிப்பதற்கென்று ஒரு மூளைப் பகுதியைப் பரிணாமம் உருவாக்கித் தருவதற்கு இது போதவே போதாது.

அப்படியானால் எழுத்தைப் படிப்பது எந்தப் பகுதி? பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் இதற்கு ஒரு விடை தந்தார். முகங்களையும் பொருள்களின் வடிவங்களையும் இனம் காணும் பகுதியில் ஒரு பங்கை மூளை எழுத்துக்காக ஒதுக்குகிறது. பழைய திறனைப் புதிய வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. 2010-இல் அவரும் சக ஆய்வாளர்களும் போர்ச்சுகலையும் பிரேசிலையும் சேர்ந்த 63 பெரியவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 10 பேர் எழுத்தறியாதவர்கள், 22 பேர் பெரியவர்களான பிறகு படிக்கக் கற்றவர்கள், 31 பேர் சிறுவயதிலேயே பள்ளிக்குப் போனவர்கள். படிக்கத் தெரிந்தவர்களிடம் மூளையின் இடப்பக்க அடிப்பகுதியில் ஓரிடம் எழுத்தைக் கண்டதும் விழித்துக்கொண்டது. காதால் கேட்கும் பேச்சை மூளை கையாளும் விதமும் மாறியிருந்தது. வயதான பிறகு கற்றவர்களிடமும் இந்த மாற்றங்களில் பெரும்பகுதி தெரிந்தது. "இந்தப் பிள்ளைக்கு வயது தாண்டிவிட்டது, இனி வராது" என்று நான்காம் வகுப்பிலேயே கைவிடுவதற்கு அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை.

இந்தக் கண்டுபிடிப்பு வகுப்பறையில் அன்றாடம் காணும் ஒரு புதிரையும் விளக்குகிறது. ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதுவார்கள். பசு இடப்பக்கம் பார்த்து நின்றாலும் வலப்பக்கம் பார்த்து நின்றாலும் பசுதான். வடிவங்களை அப்படிப் பார்க்கத்தான் மூளை பழகியிருக்கிறது. எழுத்துக்கு மட்டும் திசை முக்கியம் என்பதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. திருப்பி எழுதும் குழந்தையை மந்தம் என்று எண்ண வேண்டியதில்லை. பெரும்பாலான குழந்தைகளிடம் ஓரிரு ஆண்டுப் பயிற்சியில் இது மறைந்துவிடும்.

காதுக்குள் நடக்கும் வேலை

படிப்பு கண்ணின் வேலை என்று நினைக்கிறோம். பாதி வேலை காதுடையது. 1974-இல் அமெரிக்க உளவியலாளர் இசபெல் லிபர்மனும் அவருடைய குழுவினரும் சிறுவர்களுக்கு ஒரு விளையாட்டு வைத்தார்கள். ஒரு சொல்லில் எத்தனை அசை இருக்கிறதோ அத்தனை முறை மேசையைத் தட்ட வேண்டும். நான்கு வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் சரியாகத் தட்டினார்கள். அடுத்து, அசைக்குள் இருக்கும் தனித்தனி ஒலிகளை எண்ணித் தட்டச் சொன்னார்கள். நான்கு வயதில் ஒருவராலும் முடியவில்லை. ஒன்றாம் வகுப்பை முடிக்கும் ஆறு வயதில் 70 விழுக்காட்டினரால் முடிந்தது.

வயது கூடியதால் வந்த திறனா, எழுத்து கற்றதால் வந்ததா? 1979-இல் ஜோசே மொராய்ஸும் உடன் ஆய்வாளர்களும் போர்ச்சுகல் கிராமப்புறத்தில் இதைச் சோதித்தார்கள். எழுத்தறியாத பெரியவர்களால் ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்ல முடியவில்லை. அதே ஊர்ப்புறத்தில் வளர்ந்து, பின்னாளில் எழுத்து கற்றவர்களால் முடிந்தது. ஒலியைப் பிரித்துக் கேட்கும் திறனும் எழுத்தறிவும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

தமிழ்க் குழந்தைக்கு இதில் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. 'மரம்' என்பதை 'ம', 'ரம்' என்று பிரிப்பது எளிது. நம் எழுத்தும் பெரும்பாலும் அந்த அளவிலேயே நிற்கிறது. 'ம', 'மா', 'மி' ஒவ்வொன்றும் வாயால் சொல்லக்கூடிய ஓர் ஒலிக்கட்டு. இது வசதி. அந்த 'ம'வுக்குள் 'ம்' என்ற மெய்யும் 'அ' என்ற உயிரும் ஒளிந்திருப்பதைக் கேட்பது கடினம். இது சிக்கல். கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துத் தொகுதி முழுவதும் வசப்பட நான்காம் வகுப்பு வரைகூட ஆவதையும், தனி ஒலியை உணரும் திறன் மெதுவாகவே வளர்வதையும் 2007-இல் எழுதினார். இந்திய எழுத்துகளுக்கு ஆங்கிலத்தின் கால அட்டவணை பொருந்தாது.

வகுப்பறையில் இந்தச் சிக்கல் வெளிப்படும் விதத்தை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். மெய்யெழுத்துகளை 'இக்', 'இங்', 'இச்' என்று சொல்லிக்கொடுக்கிறோம். குழந்தை 'அம்மா' என்ற சொல்லை எழுத்துக் கூட்டும்போது "அ, இம், மா" என்கிறது. மூன்றும் சரியாகத்தான் இருக்கின்றன, ஆனால் சேர்த்தால் அம்மா வரவில்லை. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்பது அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லாத செய்தி. 'இம்' என்பதில் முன்னே ஒட்டியிருக்கும் 'இ'யை உதறிவிட்டு, உதட்டை மூடி 'ம்' என்று மட்டும் ஒலிக்கப் பழக்கினால் பல குழந்தைகள் அங்கேயே தாண்டிவிடுகிறார்கள்.

247-ஐ எப்படிக் கற்பது?

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. இந்த எண்ணைச் சொல்லித் தமிழ் கடினம் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. உண்மையில் குழந்தை நினைவில் கொள்ள வேண்டிய வடிவங்களை எண்ணிப் பார்ப்போம். உயிர் 12, ஆய்தம் 1, அகரம் ஏறிய மெய் 18. புள்ளி, துணைக்கால், இகர ஈகாரக் குறிகள், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, சங்கிலிக் கொம்பு, ஔகாரக் குறி என 8. உகர ஊகார வரிசைகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து வேறுபடுகின்றன. கு, சு, டு, து, மு எல்லாம் வேறு வேறு வளைவு. அவற்றை 36 தனி வடிவங்கள் என்றே வைத்துக்கொண்டாலும் கூட்டுத்தொகை 75. 'டி', 'டீ' போன்ற சிறு விலகல்களை விட்டால் மற்றவை எல்லாம் விதிப்படி அமைபவை. 'கொ' என்பதில் ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தவிரப் புதிதாக ஒன்றுமில்லை.

இந்த ஒழுங்கைப் பலர் பாடுபட்டு உண்டாக்கினார்கள். குறில் எகரத்தையும் நெடில் ஏகாரத்தையும் பிரித்துக் காட்டும் இரட்டைக் கொம்பை 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தந்தார் என்பது மரபு. 'ணை', 'லை', 'னா', 'றா' போன்றவை முன்பு மற்ற எழுத்துகளோடு ஒவ்வாத தனி வடிவங்களில் எழுதப்பட்டன. பெரியார் 1935-இலேயே குடிஅரசு இதழில் அவற்றைச் சீராக்கி அச்சிட்டார். 1978-இல் தமிழக அரசு அதை ஏற்றது. அன்று குறைந்த ஒவ்வொரு வடிவமும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் சுமையைக் குறைத்தது.

அதே ஒழுங்கைக் கற்பித்தலிலும் கொண்டுவரலாம். 'அ' முதல் 'ன்' வரை எல்லாம் முடிந்த பிறகுதான் சொல் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ட, ப, ம என்ற மூன்று எழுத்தும் புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் என்று படிக்கலாம். துணைக்காலைச் சேர்த்ததும் பாடம், மாடம், மாமா, பாப்பா, டப்பா வந்துவிடும். முதல் மாதத்திலேயே தானாக ஒரு சொல்லைப் படித்த குழந்தைக்கு எழுத்து எதற்கு என்பது புரிந்துவிடுகிறது. எழுத்து அட்டையை மனப்பாடமாக ஒப்பிக்கும் குழந்தைக்கு அது புரிவதில்லை. வரிசையாக ஒப்பித்துவிட்டு, நடுவில் விரல் வைத்துக் கேட்டால் திகைத்து நிற்கும் குழந்தை ஒலியை வரிசையோடுதான் இணைத்திருக்கிறது, வடிவத்தோடு இணைக்கவில்லை.

கொம்பு வைத்த எழுத்துகளுக்குக் கூடுதல் நேரம் தர வேண்டும். 'கே' என்று எழுதும்போது கண்ணில் முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது 'க்'. இந்தியின் இகரக் குறியும் இப்படி எழுத்துக்கு முன்னால் நிற்பது. அத்தகைய சொற்களைப் படிப்பதில் தாமதம் ஏற்படுவதை ஜ்யோத்ஸ்னா வைத், ஆஷும் குப்தா இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். தமிழில் எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறு வரிசைகளில் குழந்தை இதைச் சந்திக்கிறது.

மணலில் எழுதிய விரல்

1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆண் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். முன்னே கற்ற மாணவன் பின்னே வருபவனுக்குச் சொல்லித்தரும் முறையையும் கைக்கொண்டார். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை செய்த வேலை அது. 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலால் இந்த வழி 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்று, இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிகளில் பரவியது.

அந்த மணலுக்கு இன்றைய ஆய்வகம் விளக்கம் தருகிறது. 2012-இல் கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு எழுத்துகளை மூன்று வழிகளில் பழக்கினார்கள்: தாமாகக் கையால் எழுதுதல், புள்ளிக்கோட்டின் மேல் வரைதல், விசைப்பலகையில் தட்டுதல். பிறகு மூளையை ஸ்கேன் செய்தபோது, கையால் எழுதிய எழுத்துகளைப் பார்க்கையில்தான் வாசிப்புக்குரிய பகுதிகள் தெளிவாக இயங்கின. தானே எழுதும் குழந்தையின் எழுத்து கோணலாக வருகிறது, ஒவ்வொரு முறையும் சற்று மாறி வருகிறது. இத்தனை கோணலுக்குள்ளும் மாறாமல் இருப்பது எது என்பதை மூளை அப்படித்தான் கண்டுகொள்கிறது என்று அவர்கள் கருதினார்கள். புள்ளிக்கோட்டைப் பின்தொடரும் குழந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை. எழுத்தின் மேலேயே எழுதிப் பார்ப்பது தொடக்கத்தில் சில நாள் போதும். அதன்பின் வெற்றுச் சிலேட்டு வேண்டும்.

தடுமாற்றத்திலிருந்து சரளம்

எழுத்துக் கூட்டத் தெரிந்தவுடன் வேலை முடிவதில்லை. மனம் ஒரு நேரத்தில் சிறிதளவையே தாங்கும். 'படித்துக்கொண்டிருந்தாள்' என்ற ஒரே சொல்லில் 12 எழுத்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கூட்டிக் கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மனத்தைவிட்டு நழுவிவிடும், வாக்கியத்தின் தொடக்கம் அதற்கு முன்பே போயிருக்கும். அந்தக் குழந்தையிடம் "கதையில் என்ன நடந்தது?" என்று கேட்டுப் பயனில்லை. அதன் கவனம் முழுவதும் எழுத்திலேயே செலவாகிவிட்டது.

தமிழில் வேர்ச்சொல்லோடு விகுதிகள் ஒட்டி ஒட்டிச் சொல் நீள்கிறது. 'கொண்டு', 'இருந்த', 'ஆள்' போன்ற துண்டுகள் ஆயிரம் சொற்களில் திரும்பத் திரும்ப வருபவை. அவற்றைத் துண்டு துண்டாகக் கண்டுகொள்ளப் பழகிய குழந்தைக்கு 12 எழுத்துச் சொல் நான்கைந்து அலகாகச் சுருங்கிவிடும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற அளவுகோலை வேறு மொழியிலிருந்து அப்படியே எடுத்துவந்து நம் பிள்ளைகளை அளப்பதும் இதனால்தான் தவறு. ஒரு தமிழ்ச் சொல் சில சமயம் மற்றொரு மொழியின் மூன்று சொல்லுக்குச் சமம்.

சரளத்துக்குக் குறுக்குவழி கிடையாது, நிறையப் படிப்பதே வழி. எழுத்துக் கூட்டிப் படித்த ஒவ்வொரு சொல்லும் அதன் வடிவத்தை நினைவில் பதிக்கிறது. அடுத்த முறை கூட்ட வேண்டியதில்லை. இதை டேவிட் ஷேர் 1995-இல் 'தானே கற்றல்' என்ற கருத்தாக வகுத்தார். இதன் மறுபக்கத்தைக் கீத் ஸ்டானோவிச் 1986-இல் எச்சரித்திருந்தார். முதலில் படிக்கத் தொடங்கிய குழந்தை மேலும் படித்து மேலும் வளர்கிறது. பின்தங்கிய குழந்தை படிப்பதைத் தவிர்த்து மேலும் பின்தங்குகிறது. ஒன்றாம் வகுப்பில் விரற்கடையாக இருக்கும் இடைவெளி ஐந்தாம் வகுப்பில் தாண்ட முடியாததாகிவிடும்.

வீட்டுத் தமிழும் நூல் தமிழும்

1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. இரண்டில் ஒன்று பூச்சியம் என்றால் விடையும் பூச்சியம்.

தமிழில் இரண்டாவது திறனுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். வீட்டில் 'அவங்க நேத்து வந்துட்டாங்க' என்று கேட்ட குழந்தை, புத்தகத்தில் 'அவர்கள் நேற்று வந்துவிட்டார்கள்' என்று படிக்க வேண்டியிருக்கிறது. சரியாக ஒலித்துவிட்டாலும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்பது உடனே விளங்குவதில்லை. வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது, சௌராஷ்டிரம், இருளம், இந்தி பேசும் குழந்தைகளுக்குத் தொலைவு இன்னும் அதிகம். இதற்கு மருந்து எழுத்தறிவுக்கு முன்பே தொடங்க வேண்டும். அங்கன்வாடியிலிருந்தே நாள்தோறும் கதைப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டினால், நூல் தமிழ் கண்ணுக்கு வருமுன் காதுக்குப் பழகிவிடும்.

எழுதும்போது சிக்கல் வேறு வகையில் வருகிறது. 'பல்லி', 'பள்ளி', 'மனம்', 'மணம்', 'அரை', 'அறை' ஆகியவை பலருடைய பேச்சில் ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கின்றன. படிக்கும்போது எழுத்து கண்முன் இருக்கிறது, எழுதும்போது நினைவிலிருந்து எடுக்க வேண்டும். ஆகவே சொல்வதெழுதுதலில் பத்துப் பிழை செய்யும் குழந்தையும் நன்றாகப் படிக்கக்கூடும். விதியால் தீரும் பிழைகளை விதியால் தீர்க்கலாம். தங்கம், மஞ்சள், நண்டு, தந்தை, பாம்பு, கன்று: ஒவ்வொரு வல்லினத்துக்கும் முன்னால் அதன் இன மெல்லினம் வருகிறது. இதைப் பிடித்துக்கொண்ட குழந்தைக்கு மூன்று வகை னகரக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் மென்மையாக ஒலிப்பதும் அதே பாடத்தில் விளங்கும். மற்றவை படித்துப் படித்துக் கண்ணில் பதிய வேண்டியவை. சிவப்பு மையால் அடித்துக் காட்டுவதால் அவை பதிவதில்லை.

எங்கே நிற்கிறதோ அங்கிருந்து

2005 முதல் பிரதம் அமைப்பின் ஏசர் ஆய்வு கிராமப்புறக் குழந்தைகளின் வீட்டுக்கே போய், எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்ற நான்கு படிகளில் படிக்கச் சொல்லிப் பார்க்கிறது. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் நாடளவில் 2018-இல் 27.3 விழுக்காடு. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022-இல் அது 20.5 ஆயிற்று. பள்ளி இல்லாத காலத்தில் வயது மட்டும் கூடியது, வாசிப்பு கூடவில்லை.

பின்தங்கியவர்களை மீட்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. மும்பையிலும் வடோதராவிலும் உள்ளூர் இளம்பெண்கள் நாளுக்கு இரண்டு மணி நேரம் மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கிய குழந்தைகளுக்கு மட்டும் அடிப்படையைக் கற்பித்தார்கள். குழந்தைகள் தெளிவாக முன்னேறியதை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2007-இல் வெளியிட்டனர். தமிழகமும் இந்தத் திசையில் நடந்திருக்கிறது. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் அனுபவத்திலிருந்து வந்த செயல்வழிக் கற்றல், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலமெங்கும் விரிந்தது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரிக்கிறது.

திட்டத்தின் பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். படிக்காத குழந்தையிடம் ஏதோ ஓர் இணைப்பு இன்னும் உருவாகவில்லை. அது எது என்று தெரிந்துகொள்ள ஆசிரியருக்கு ஒரு குழந்தைக்குச் சில நிமிடங்கள் போதும். கேட்ட சொல்லை ஒலியாகப் பிரிக்கிறதா? கலைத்துப் போட்ட எழுத்துகளை ஒலிக்கிறதா? ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குகிறதா? வாக்கியத்தைத் தடங்கலின்றிப் படிக்கிறதா? படித்ததைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்கிறதா? எந்தக் கேள்வியில் தடுமாறுகிறதோ அதுதான் அந்தக் குழந்தையின் நாளைய பாடம். அரசு அந்த ஆசிரியருக்குத் தர வேண்டியவையும் இரண்டே: ஒவ்வொரு குழந்தையையும் தனியே கேட்க நேரம், ஒவ்வொரு நிலைக்கும் ஏற்ற கதைப் புத்தகங்கள். இவ்விரண்டும் இல்லாமல் மூன்றாம் வகுப்புப் பாடத்தை மூன்றாம் வகுப்பு என்பதற்காக மட்டும் நடத்திக்கொண்டு போனால், பாடநூல் முடியும், அந்தக் குழந்தையின் படிப்பு தொடங்கவே தொடங்காது.